வாயில்லா உயிர்களின் வைத்தியர்

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. அரபி மொழியில் செல்வத்தை ‘மால்’ என்பர். பாலைவனத்து அரபிகள் அச்சொல்லைச் சொன்னால் பெரும்பாலும் ஒட்டகங்களையே கருதினார்கள் என்று அகராதி ஆசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். இரு மொழியையும் ஓரளவு ஓதியவர் என்ற முறையில், இவ்வொற்றுமையை மாணவர்களுக்கு எடுத்துரைப்பதில் நமக்கு நெடுங்காலமாக ஒரு மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்தச் செல்வத்தை நம் கண்ணெதிரே, நம் பிழையாலேயே இழந்த வரலாற்றை எந்த மாணவரிடமும் நாம் சொன்னதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நெஞ்சில் கிடந்ததை இன்று எழுதத் துணிகிறோம் என்றால், அதற்கு நம் தங்கையின் மகளே காரணம். அவள் கால்நடை மருத்துவர்.

நம் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சிற்றூர். உம்பளாச்சேரி மாடுகளின் தாயகம் அது. கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு திங்கள் சென்றால் சாம்பல் நிறம் படரும். நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் கால்களின் அடியில் வெண்மையும் அதன் அடையாளங்கள். முழங்கால் அளவு சேற்றிலும் சளைக்காமல் உழும் இனம். பால் மட்டும் குறைவு. அத்தகைய மாடுகளின் நடுவே பிறந்த நமக்கு இளமையிலேயே உயிர்களிடத்தில் ஒரு பற்று உண்டாயிற்று. இறக்கை ஒடிந்த காகத்தைக் கூடையில் கவிழ்த்து வைத்து வளர்த்தோம். தாயற்ற அணில் குஞ்சுக்குப் பஞ்சில் பால் நனைத்து ஊட்டினோம். அவை பெரும்பாலும் இறந்தன. நாம் அழுதோம். “இரக்கமுள்ள பிள்ளை” என்று தெருவே சொல்லிற்று. அந்தப் பெயரில் நமக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

1981-ஆம் ஆண்டு வாக்கில், மலேசியாவில் கடை வைத்திருந்த நம் அத்தா அனுப்பிய பணத்தில், அம்மா ஒரு ஜெர்சிக் கலப்பினப் பசுவை வாங்கினார்கள். இரண்டு ஈற்றுக் கண்ட பசு அது. நம் தெருவில் அப்படியொரு கறவையை அதற்குமுன் யாரும் கட்டியதில்லை. செவலை நிறமும் கன்னங்கரிய கண்களும் கொண்டு, நாம் பள்ளிவிட்டு வரும் நேரத்தை அறிந்து குரல் கொடுக்கும். மூன்றாவது ஈற்றில் கிடேரிக் கன்று போட்டது. மடி கனத்திருந்ததால் பசுவுக்கு நோகுமே என்று அம்மா சீம்பாலைச் சொட்டு விடாமல் கறந்து, காய்ச்சி, தெரு முழுவதும் கொடுத்தனுப்பினார்கள்.

மறுநாள் மாலையில் பசு தள்ளாடிற்று. பின்னங்கால்கள் பின்னிக்கொள்ளப் படுத்துவிட்டது. எழுப்பியும் எழவில்லை. காதைத் தொட்டால் தண்ணீரில் நனைந்தது போலக் குளிர்ந்திருந்தது. கழுத்தை வளைத்துத் தலையை விலாவின் மேல் சாய்த்துக்கொண்டு, உறங்குவது போலக் கிடந்தது. கண்ணேறு என்றார்கள் சிலர். தண்ணீர் ஓதித் தெளித்தார்கள். மிளகும் சுக்கும் அரைத்துப் புகட்ட முயன்றார்கள், அது விழுங்கவில்லை. அம்மா நம்மை அழைத்து, “சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மாட்டு டாக்டரைக் கையோடு அழைத்து வா தம்பி” என்றார்கள். மருந்தகம் ஆறு கல் தொலைவு. டாக்டர் குடியிருந்ததும் அங்கேதான். வீட்டில் அப்போது ஆண்பிள்ளை என்று இருந்தவர் பன்னிரண்டு வயதினரான நாம் ஒருவரே.

சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனோம். அங்கே நின்றுவிட்டோம். நாம் திரும்புவதற்குள் அது தனியே செத்துப்போய்விடுமே என்ற எண்ணம் நெஞ்சை அடைத்தது. கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, கொட்டிலில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். உள்ளே தொழுது, ஓதிக்கொண்டிருந்த அம்மா இரவு விளக்கோடு வந்து, “டாக்டர் எங்கே?” என்று கேட்டார்கள். “வீடு பூட்டிக் கிடந்தது” என்று சொன்னோம்.

அது பொய். வைகறைத் தொழுகைக்கு அழைப்பு எழுமுன் பசு இறந்தது. தாயை இழந்த கன்றை உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மா அதன்பின் மாடு கட்டவே இல்லை. தொட்டியில் மண் நிரப்பி முருங்கைக் கொம்பு ஊன்றினார்கள். ஊரில் யார் வீட்டில் மாடு நோயுற்றாலும், “ஆபத்துக்கு அந்த டாக்டர் எங்கே அகப்படப் போகிறார், அன்றைக்கும் வீடு பூட்டித்தானே கிடந்தது” என்று சொல்வார்கள். குற்றமற்ற ஒரு மனிதர்மீது நம் பொய் இவ்வாறு பல்லாண்டுகள் ஏறி நின்றது. 1999-இல் அம்மா இறையடி சேர்ந்தார்கள். உண்மையை அவர்களிடம் நாம் சொல்லவே இல்லை.

மதரஸாவில் ஓதும் காலத்தில் தமீரி இமாம் அவர்களின் ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூல் நம் கைக்குக் கிடைத்தது. எகிப்தில் இளமையில் தையல் தொழில் செய்து, பின்னர் பேரறிஞராகி, அஸ்ஹரில் பாடம் நடத்தி, 1405-இல் மறைந்தவர் அப்பெரியார். உயிரினங்களை அரபி அகரவரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றின் பெயர், இயல்பு, அதனை உண்ணலாமா கூடாதா என்னும் சட்டம், அதுபற்றிய பழமொழி, மருந்துப் பயன், கனவில் கண்டால் பலன் என்று அடுக்கிச் செல்லும் கடல் போன்ற நூல் அது. நாம் முதலில் புரட்டியது ‘பா’ எழுத்தில் ‘பகர்’ என்னும் மாட்டின் பகுதியை. கன்று ஈன்ற பசு குளிர்ந்து கிடந்து ஏன் இறந்தது என்பதற்கு அங்கே விடை கிடைக்கவில்லை. மாட்டினால் மனிதனுக்கு ஆகும் மருந்து அதில் இருந்தது. மாட்டுக்கு ஆகும் மருந்தைத்தான் நாம் தேடினோம்.

அரபிகளிடம் அக்கலை இல்லாமற் போகவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பக்தாதில் இப்னு அகீ ஹிஸாம் என்பார் குதிரை மருத்துவத்தை நூலாக்கினார். பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தின் சுல்தான் நாஸிர் முஹம்மதுடைய லாயத்து மருத்துவர் அபூபக்ர் இன்னொரு பெருநூல் செய்தார். அவை பெரிதும் குதிரையைச் சார்ந்தவை. அரசர்களின் போர்த் தேவையில் பிறந்தவை. ஏழையின் கொட்டிலுக்கு அக்கலை வந்து சேர நெடுநாள் பிடித்தது. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் கிளாடு பூர்ழலா கால்நடை மருத்துவத்துக்கென ஒரு பள்ளியை நிறுவியது 1761-இல். சென்னை வேப்பேரியில் கல்லூரி எழுந்தது 1903-இல். மன்னார்குடிக்கு அப்பால் ஒரத்தநாட்டில் ஒரு கல்லூரி வந்தது 2012-இல். பசுவின் கண்ணீருக்கு நீதி வழங்கிய சோழன் கதையைக் கல்தேரில் காட்டும் திருவாரூர் நமக்கு அருகில்தான் இருக்கிறது. அப்பசுவின் வழித்தோன்றல்களுக்கு வைத்தியம் சொல்லித்தரும் கல்லூரி நம் பக்கம் வர இத்தனை காலம் ஆயிற்று.

இனி நம் தங்கை மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் சிறுவயது முதல் உயிர்களின்மீது பற்றுக் கொண்டவள். ஆயினும் அவள் பற்றின் போக்கு வேறு என்பதை நாம் உணரத் தவறினோம். அவளுக்கு ஒன்பது வயதாயிருக்கையில், வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டு ஓர் ஆட்டுக்குட்டியின் முன்னங்கால் ஒடிந்தது. நாம் திண்ணையில் அமர்ந்து அதன் அலறலைக் கேட்கமாட்டாமல் காதைப் பொத்திக்கொண்டோம். அவள் வேலியிலிருந்து மூங்கில் சிம்பு ஒடித்து வந்து, பழைய துப்பட்டியைக் கிழித்து, குட்டி உதைக்க உதைக்கக் கட்டுப் போட்டாள். கால் சற்றுக் கோணலாகக் கூடிற்று, குட்டி நடந்தது. கோழிகள் வெள்ளைக்கழிச்சல் கண்டு வரிசையாகச் செத்தபோது, எது முதலில் செத்தது, எது பிறகு செத்தது, எப்படிக் கழுத்தை முறுக்கிற்று என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். “பிள்ளைக்கு ஏன் இந்த வேலை” என்று நாம் கடிந்துகொண்டதும் நினைவிருக்கிறது.

2013-இல் பன்னிரண்டாம் வகுப்பில் அவள் நல்ல மதிப்பெண் பெற்றாள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்றாள். தங்கை நம்மிடம் வந்து, “அண்ணன் சொல்வதுதான், நீங்கள் படி என்றால் அனுப்புகிறோம், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம்” என்றார். ஓதியவர் என்பதால் குடும்பத்தில் நம் சொல்லுக்கு இருந்த மதிப்பு அது. நாம் வேண்டாம் என்றோம். பெண்பிள்ளை காளைமாட்டின் நடுவே போவதா என்று உறவினர் கூறியதை நாம் பொருட்படுத்தவில்லை. நம் காரணம் வேறு. பிள்ளையைக் கூப்பிட்டு விளக்கினோம். “கால்நடை மருத்துவரை அரபியில் பைதார் என்பார்கள். கீறுதல், பிளத்தல் என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து அது பிறந்தது என்று அகராதியில் இருக்கிறது. கிரேக்கத்தில் குதிரை மருத்துவனைக் குறிக்கும் சொல்லே அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு. எப்படியாயினும் அது கத்தி பிடிக்கும் தொழில். உயிர்களின்மேல் இவ்வளவு அன்புள்ள உன் மனம் தாங்குமா?”

அவள் சற்றுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டுச் சொன்னாள்: “மாமா, தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் ஹதீஸை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். அவர் கிணற்றில் இறங்கினார். காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறினார். மேலே நின்று நாயைப் பார்த்து அழுதுகொண்டிருந்தால் அவருக்கு நன்மை கிடைத்திருக்குமா?”

நமக்கு முகத்தில் அறைந்தாற் போலிருந்தது. அந்த ஹதீஸைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருக்கிறோம். இரக்கம் என்ற சொல்லை எத்தனையோ விதமாக விரித்துரைத்திருக்கிறோம். அவர் கிணற்றில் இறங்கினார் என்ற வினைச்சொல்லின் முன்னே ஒருநாளும் நாம் நின்றதில்லை. தெருமுனையில் நின்று திரும்பிய சைக்கிள் நம் கண்முன் வந்தது. “போய்ப் படி” என்றோம். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

ஒரத்தநாட்டில் இடம் கிடைத்தது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்துப் பல ஆண்டுப் படிப்பு. முதலாண்டு உடற்கூறு வகுப்பில் மருந்தில் ஊறிய உடலை அறுத்துப் பார்த்த நாளில் இரவு உணவு இறங்கவில்லை என்று தொலைபேசியில் சொன்னாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நம் அறியாமை ஒவ்வொன்றாகக் கழன்றது. ஊர்ப் பெரியவர்கள் ‘வெக்கை’ என்று பெயர் சொல்லவே அஞ்சிய மாட்டு நோய் இந்தியாவில் 1995-க்குப் பின் தோன்றவில்லை என்பதையும், 2011-இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததென்று அறிவித்தார்கள் என்பதையும், பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் முற்றாக ஒழித்த நோய் அதுவே என்பதையும் அவள் சொல்லித்தான் அறிந்தோம். கோமாரி, அடைப்பான், சப்பை நோய், ஆட்டுக்கொல்லி என்று நாம் விதியின் பெயர்களாகக் கேட்டவற்றையெல்லாம் அவள் கிருமியின் பெயர்களாகவும் தடுப்பூசியின் நாட்களாகவும் சொன்னாள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் கடற்கரையைக் கடந்தது. தென்னைகள் பாய் விரித்தாற் போல் கிடந்தன. தோப்புகளில் ஆடுமாடுகள் செத்துக் கிடந்தன. பயிற்சியில் இருந்த அவள் குழுவினரோடு நம் பக்கம் வந்து கொட்டில் கொட்டிலாகப் போனாள். ஓடு விழுந்து பிளந்த முதுகுகளைத் தைத்தாள். பிழைக்காது என்று கண்டதை உடையவரிடம் மறைக்காமல் சொன்னாள். அன்றிரவு நம் வீட்டில் கைகழுவிவிட்டு, சுவரில் சாய்ந்து, நெடுநேரம் அழுதாள். வேலை முடிந்த பின்பு அழும் அழுகையை நாம் முதன்முதலாகக் கண்டது அன்றுதான். நமக்குத் தெரிந்ததெல்லாம் வேலைக்குப் பதிலாக அழும் அழுகை.

படிப்பு முடிந்து, அண்டை மாவட்டத்தில் அரசு மருந்தகம் ஒன்றில் பணியில் சேர்ந்தாள். நான்கு ஆட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு ஆடு என்பது பிள்ளையின் பள்ளிக்கட்டணம், மழைக்காலத்து அரிசி. மாடு என்றால் செல்வம் என்னும் அகராதிப் பொருளை நாம் ஏட்டில் படித்தோம். அவள் நாள்தோறும் தொட்டுப் பார்த்தாள்.

2022 ஐப்பசியில், அடைமழை நாளொன்றில், விடுப்பில் ஊருக்கு வந்திருந்தாள். இரவு பத்து மணிக்குக் கதவு தட்டும் ஓசை. எதிர்த்தெருக் கைம்பெண்ணின் மகன், பத்து வயதுப் பையன், சைக்கிளோடு நனைந்து நின்றான். “அக்கா, எங்கள் மாடு எழுந்திருக்கவில்லை, அம்மா உங்களை அழைத்து வரச் சொன்னார்கள்.” மின்சாரம் இல்லை. அவள் பையை எடுத்துக்கொண்டாள். நாம் டார்ச் விளக்கோடு பின்னே சென்றோம்.

கொட்டில் வாயிலில் நம் கால் நின்றுவிட்டது. முந்தின நாள் கன்று ஈன்ற கலப்பினப் பசு. கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்துக் கிடந்தது. காதைத் தொட்டோம். அதே குளிர்ச்சி.

“பால் காய்ச்சல் மாமா. பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துவிடும்” என்றாள் அவள். கன்று ஈன்றதும் மடியில் பால் பெருகி இறங்குகிறது. பாலுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து திடீரென்று இரத்தத்திலிருந்து போய்விடுகிறது. அச்சத்து இல்லாமல் தசை இயங்காது; மாடு விழுந்துவிடும்; கடைசியில் இதயமும் ஓயும். அதிகம் கறக்கும் பசுக்களுக்கு, மூன்றாம் ஈற்று முதல் மிகுதியாக வருவது. இவ்வளவையும் சொல்லிக்கொண்டே கால்சியம் மருந்துப் புட்டியை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கினாள். கழுத்து நரம்பில் ஊசியைச் செலுத்தினாள். புட்டியை நம் கையில் கொடுத்தாள்.

“உயர்த்திப் பிடியுங்கள். தாழ்த்தச் சொன்னால் உடனே தாழ்த்துங்கள். வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடும்.”

அவள் குழாயைக் காதில் வைத்துப் பசுவின் இதயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாம் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கை கடுத்தது, இறக்கவில்லை. புட்டி பாதி இறங்கியபோது பசுவின் தோல் சிலிர்த்து நடுங்கிற்று. பிறகு ஓர் ஏப்பம் விட்டது. சாணமிட்டது. “இனிப் பயமில்லை” என்றாள். முக்கால் மணி நேரம் சென்றது. பசு முன்னங்காலை ஊன்றி, தடுமாறி, எழுந்து நின்று, கன்றைத் தேடிக் குரல் கொடுத்தது. அந்தக் குரலைக் கேட்டதும் நாம் கொட்டிலின் தூணைப் பிடித்துக்கொண்டோம்.

புறப்படும்போது அவள் அந்த அம்மையாரிடம், “இரண்டு நாளைக்குப் பாலை ஒட்டக் கறக்காதீர்கள், மடியில் பாதியை விட்டுவிடுங்கள்” என்றாள். சொட்டு விடாமல் கறந்து தெருவெல்லாம் கொடுத்த நம் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

வழியில் குடையைப் பிடித்தபடி கேட்டோம்: இந்த மருந்து வருமுன் என்ன செய்தார்கள்? “பாதிக்கு மேல் செத்துப்போகும்” என்றாள். “1897-இல் டென்மார்க்கில் ஷ்மிட் என்ற மருத்துவர் மடிக்குள் மருந்து செலுத்திப் பார்த்தார். பின்னர் மருந்தே வேண்டாம், காம்பு வழியே சுத்தமான காற்றை ஏற்றினாலே போதும் என்று கண்டுகொண்டார்கள். மடி இறுகினால் பால் இறங்காது. சத்து இரத்தத்தில் தங்கும். சில இடங்களில் சைக்கிள் பம்பினால்கூடக் காற்று அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான் காரணம் என்று 1925-இல்தான் எடுத்துச் சொன்னார்கள்.”

சைக்கிள் பம்பு! அந்த இரவில் கொட்டில் சுவரில் சாத்தியிருந்த நம் சைக்கிளின் தண்டில் அது செருகியிருந்தது. நாம் மழையில் நின்றுவிட்டோம். பிறகு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னோம்: தெருமுனை, கொல்லைப்புற வழி, கழுத்தைக் கட்டிக்கொண்டு கழித்த இரவு, பூட்டிக் கிடந்ததாகச் சொன்ன வீடு.

அவள் வெகுநேரம் பேசவில்லை. நம் மனம் ஆறட்டும் என்று எதையாவது புனைந்து சொல்வாள் என நினைத்தோம். அவள் சொல்லவில்லை. “கால்சியம் அப்போதே இருந்தது மாமா. அந்த டாக்டர் வந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும்” என்றாள். சற்றுப் பொறுத்து, “நன்னியிடம் சொல்லியிருந்தால் அவர்கள் இன்னொரு மாடு வாங்கியிருப்பார்கள்” என்றாள். அந்தச் சொல்லில் கடுமை இல்லை, உண்மை இருந்தது. கீறித்தான் சீழை வெளியேற்ற வேண்டும் என்பதை அறிந்த கை அவளுடையது.

அம்மாவின் அடக்கத்தலத்துக்குச் சென்று, வாழும் காலத்தில் கேட்காத மன்னிப்பை இறைவனிடம் கேட்டோம். அந்தப் பழைய மருத்துவர் யார், எங்கே போனார் என்று தெரியாது. அவர் வீடு அன்று பூட்டியிருக்கவில்லை என்று ஊரில் அந்தக் கதையை இன்னும் நினைவில் வைத்திருக்கும் இரண்டு மூன்று முதியவர்களிடம் போய்ச் சொன்னோம். அவர்கள் சிரித்தார்கள். நமக்கு அது சொல்லப்பட வேண்டியிருந்தது.

பழைய கிதாபுகளின் ஓரத்தில் பின்வந்தவர்கள் குறிப்பு எழுதுவது மரபு; அதனை ஹாஷியா என்போம். நம்மிடமுள்ள ‘ஹயாத்துல் ஹயவான்’ பிரதியில் ‘பகர்’ என்னும் பகுதியின் ஓரத்தில், மைக்கூட்டுப் பேனாவால், தமிழில் நான்கு வரி எழுதி வைத்துள்ளோம். கன்று ஈன்ற பசு, காது குளிர்ந்து, தலையை விலாவில் சாய்த்துக் கிடந்தால், அருகில் உட்காராதே. உடனே போய் மருத்துவரை அழைத்து வா. நமக்குப் பின் அந்தக் கிதாபை ஓதும் மாணவர் எவராயினும், அவர் வீட்டில் ஒரு மாடு இருக்கலாம்.